மான் தின்ற அட்டவணை

நிலாவெளி ஹோட்டல் பூட்டி எட்டு மாதம்.
ஸ்டோர் கீப்பர் வேலை போனாலும்
கணக்கெழுதிய விரல் சும்மா இருக்குதில்லை.
சீ.ஆர். கொப்பியில் கோடு கீறினேன்:
பெயர், பாரம், பற்றரி தின்னும் அளவு,
பூட்டு ஆரிடம், சாவி ஆரிடம்.

குசினி குறூப்பில் நாங்கள் ஏழு பேர்.
பச்சைச் செயலியை விட்டு வெளிக்கிடுவோம் என்று
கிண்ணியாவிலிருந்து முதலில் சொன்னது ஹில்மி.
"சும்மா தாறவன் எதுக்கு மச்சான் தாறான்?"
எல்லாரும் கட்டைவிரல் உயர்த்தினார்கள்.
உண்மைக் காரணத்தை ஒருத்தரும் எழுதவில்லை.
கோபிதரனின் நம்பர் செத்துப் பதினொரு கிழமை.
படகேறினான் என்பதற்கு மேல் செய்தி இல்லை.
அவனுடைய படம் மட்டும்
கையில் ஒரு கணவாயோடு
குறூப்பில் இன்னும் சிரிக்குது.

கந்தளாயிலிருந்து துலாஞ்சலி கேட்டாள்:
"ஃப்ரீ என்றால் இலவசமா, விடுதலையா?"
அவளுடைய மொழியிலும் அதற்கு இரண்டு சொல்.
எங்களிடம் இரண்டுக்கும் சேர்த்து ஒன்று இருக்கு, கட்டற்றது, என்றேன்.
கரண்ட் பில் போலக் கட்டவும் தேவையில்லை,
மாட்டைப் போலக் கட்டியும் வைக்காது.
பின்னால் போய் மூடியைத் திறந்து
என்ன அவிகிறது என்று ஆரும் பார்க்கலாம்.
குசினிக்காரருக்கு அது விளங்கியது.

சிக்னல். நல்ல சாமான், உறை இறுக்கம்.
ஆனால் வாசலில் தொலைபேசி எண் கேட்கும்.
நம்பர் செத்தவன் எப்படி வருவான்?
கேள்விக்குறி போட்டேன்.

எலிமெண்ட். உன் வீடு எந்தச் சேர்வரில் என்றது.
ஷெரில் பத்து நிமிடம் யோசித்து
"நான் ஓர்ஸ் ஹில்" என்று எழுதினாள்.
மீட்புச் சாவியைச் சிகரெட் பெட்டியில் குறித்த பார்த்தெலோ
பெட்டியை எறிந்துவிட்டு
தன் வீட்டுக்கு வெளியே தானே நின்றார்.

பிரையர். இணையமே வேண்டாம்,
புளூடூத்தில் ஆளிலிருந்து ஆளுக்குத் தாவும்.
உள்துறைமுக வீதியில் இருபது அடி தள்ளி நின்று
நானும் ஹில்மியும் எழுதிப் பார்த்தோம். வேலை செய்தது.
"திரும்பினா ஆள் தெரியுது, பிறகென்ன?"
என்று வாயாலேயே கத்தினான்.
வலையை அடைக்கும் நாட்களுக்கு உதவும் என்று எழுதினேன்.
அந்த நாட்களை எங்களுக்குத் தெரியும்.
துலாஞ்சலியின் ஐபோனுக்கு அது இல்லை.

படமெடுத்து அனுப்பலாமென்று
பஸ் நிலைய வாங்கில் பக்கத்தைக் கிழித்து வைத்தேன்.
வடை சுற்றிய தாளோடு சேர்த்து
ஒரு மான் இழுத்துக்கொண்டது.
இந்த ஊர் மான். ஆருடையதென்று ஆரும் சொல்லார்.
எந்த நிபந்தனைக்கும்
"ஒப்புக்கொள்கிறேன்" அழுத்தாத சீவன்,
பாரம், பற்றரி, சேர்வர் எல்லாவற்றையும்
கண்ணை மூடி மென்றது.
கொம்பைப் பிடிக்க எனக்குத் துணிவில்லை.

மிச்சமிருந்தது நான் இன்னும் எழுதாத ஒன்று.
டெல்டா சாட். மின்னஞ்சலின் முதுகில் ஏறிப் போவது.
முகவரி மட்டும் போதும், எவ்வளவு பழையதென்றாலும்.
வேலைக்கு வந்த நாளில் கோபிதரன் நிரப்பிய படிவம்
என் கோப்பில் இருந்தது,
உப்பு விலைப்பட்டியலுக்கும் எரிவாயு ரசீதுக்கும் நடுவில்.
"செஃப்" என்பதைப் பிழையாய் எழுத்துக்கூட்டிய முகவரி.
அந்தப் பிழையையும் பிழையில்லாமல் அடித்தேன்.

"கணவாய் கிலோ ஆயிரத்தெண்ணூறு விக்குது.
நீ இருந்தால் குறைச்சிருப்பாய்."

பூட்டில்லாத கடிதம் இது, வழியில் யாரும் வாசிக்கலாம்
என்று செயலி எச்சரித்தது.
மூன்று கிழமையாய் பூட்டுகளையே ஒப்பிட்டவன் நான்.
வாசிக்கட்டும்.
யார் வேணுமெண்டாலும் வாசிக்கட்டும்,
அந்த யாரில் அவனும் இருந்தால் சரி.

ஒரு சரி விழுந்தது. ஒற்றைச் சரி.
இங்கிருந்து கிளம்பிவிட்டது, அவ்வளவுதான்.

கிண்ணியா பஸ் வந்து நின்றது.
மான் இன்னும் மென்றுகொண்டிருந்தது.