பெட்டி ஏழு, உறை மூன்று

தண்டர் பே. நூலகத்தின் கீழ்த்தளம். நவம்பர்.
மேலே ஏரிக்காற்று கதவை அறைகிறது.
இங்கே பதினெட்டு டிகிரி, எப்போதும் பதினெட்டு டிகிரி.
ஆறு மாத ஒப்பந்தத்தில்
ஐலி கொர்பேலாவை அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஆப்பிள் பெட்டிகளில் வந்தாள்.
தங்கை மகன் வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டு
ரசீதுகூடக் கேட்காமல் போனானாம்.
காகிதம், உளி, கல்தூள், ஒற்றைக் கையுறை,
செத்த குளவி ஒன்று.
காப்பகம் ஆளை மீட்டரில் அளக்கும்:
அலமாரியில் இரண்டே கால் மீட்டர்.

பெவர்லி முதல் நாளே சொன்னார்:
கவிதை இங்கே, கருவி அருங்காட்சியகத்துக்கு.
சுலபம்தான் என்று தலையாட்டினேன்.

'வரி' என்று நான் குறித்துவைத்த உறையில்
அறுபத்தெட்டாம் வருடக் கணக்கு.
சிலை விற்று வந்தது: ஒன்றுமில்லை.
பள்ளிக்கூடத்தில் தட்டு கழுவி வந்தது: ஆயிரத்துச் சொச்சம்.
பின்பக்கம் பென்சிலில் பதினொரு வரி.
எந்த வரியில் சேர்ப்பது இதை என்று
தமிழில்தான் சிரிக்க முடிந்தது,
தனியாக.

எழுதியது ஃபின்னிஷில். எனக்குத் தெரியாது.
சாப்பாட்டு நேரத்தில் அகராதியைக் கொறித்தேன்.
துலி என்றால் நெருப்பு.
உயிர் நீண்டு தூலி ஆனால் காற்று.
கல் நீண்டால் கால்.
காலும் காற்றுதான், பழைய செய்யுளில்.
நூடுல்ஸ் ஆறியதுகூடத் தெரியாமல்
உட்கார்ந்திருந்தேன் கொஞ்ச நேரம்.

பெட்டி ஏழில் வந்தது வினை.
உப்புத்தாள், முப்பத்தாறு.
தேய்ந்த முகத்தில் இன்னும் மாக்கல் மாவு,
முதுகில் கவிதை.

கருவியா, காகிதமா?
அருங்காட்சியகம் எழுதியது: எழுத்து உங்களுடையது.
பெவர்லி எழுதினார்: மணல் உங்களுடையது.
மூன்று வாரம் மின்னஞ்சல் போய் வந்தது.
பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார்.
பக்கத்துத் தாள்களைச் சுரண்டிவிடும்,
தனியே வையுங்கள் என்றார்,
கடிக்கிற நாயைச் சொல்வதுபோல.

உளிகள் வியாழக்கிழமை போயின.
அதற்கு முன் ஒன்றைக் கையில் எடுத்தேன், விதி மீறித்தான்.
பிடியைச் சுற்றி சைக்கிள் டியூப்,
கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம்.
இடக்கைக்காரி.
என் வலக்கையில் அது உட்காரவே இல்லை.
வேறொருவர் செருப்பில் கால் விட்டாற்போல் இருந்தது.
வைத்துவிட்டேன்.

ஒரே ஒரு தாளைத் தமிழில் போட்டுப் பார்த்தேன்.
பிழையெல்லாம் என்னுடையது:

    முழங்கால் இன்னும் வரவில்லை.
    நாளை அரம் வாங்க வேண்டும், பாலும்.
    கல்லுக்குள் யாரோ இருக்கிறாராம், சொல்கிறார்கள்.
    முப்பது வருடம் திறந்து பார்த்தவள் நான்.
    யாரும் இல்லை.

கவிதை என்று பதிவதா, கடைப் பட்டியல் என்றா?
உறை மூன்று, 'இதர' என்று போட்டேன்.
நிலை என்ற கட்டத்தில்
'இன்னும் சொரசொரப்பு' என்று எழுதினேன்.
பெவர்லி அதை அடிக்கவில்லை.

அன்று மாலை கிளம்பும்போது
வெளிக்கதவின் ரேகைக் கருவியில் சுட்டுவிரலை வைத்தேன்.
முப்பத்தாறு தாளை வெறுங்கையால் எண்ணிய விரல்.
தெரியாது என்றது.
துடைத்து வைத்தேன். தெரியாது என்றது.
மூன்றாம் முறை திறந்தது.
வெளியே பனி, பேருந்துக்கு நாலு நிமிடம்.