இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே

நொச்சியேந்தல் கண்மாயில் ஆனி மாதம்
முக்காலி நட்டோம்.
நடுக்குழியில் மட்டும் எருமை படுக்கத் தண்ணீர்.
சம்மட்டி சிக்கந்தர் அண்ணன் கையில், குழாய் என் கையில்.
ஒவ்வோர் அடிக்கும் ஒரு விரற்கடை இறங்கும்,
சில அடிக்கு ஒன்றுமில்லை.
ஒன்றரை மீட்டரில் சுக்கானில் முட்டி
பல் கூசுகிற மாதிரி ஒரு சத்தம்.
போதும் என்றேன்.

குழாயின் ஒரு முனையில் அம்புக்குறி போட்டு
'மேல்' என்று எழுதினேன்.
இதை மறப்பவர்கள் உண்டு.
ஆயிரம் வருஷத்தைத் தலைகீழாகப் படித்துப்
பட்டமும் வாங்கியவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

நீளவாக்கில் அறுத்தோம். அழுகிய முட்டை வாடை.
கறுப்பென்றால் தண்ணீர் நின்றிருக்கிறது,
மறுகால்கூடப் பாய்ந்திருக்கலாம்.
பழுப்பென்றால் இறங்கியிருக்கிறது.
எண்பத்து நான்காவது சென்டிமீட்டரில்
கறுப்பின் மேல் நேராக இன்னொரு கறுப்பு,
நடுவே நகக்கண் அளவு மணல்.
அதுதான் பஞ்சம்.
தரை வெடித்து, வெடிப்பு பொடிந்து,
பொடி காற்றோடு போயிருக்கிறது.
தான் வந்ததை எழுதாதது மட்டுமல்ல,
முன்பு மழை எழுதியதில் நாலு பக்கத்தையும்
கிழித்துக்கொண்டு போகும் அது.

பிறகு எட்டு வாரம் மகரந்தம் எண்ணினேன்,
தகட்டுக்கு முந்நூறு.
கோரை, புல்,
நெல்லாகவும் இருக்கக்கூடிய புல்.
மேல் இரண்டு சென்டிமீட்டரில்
சீமைக்கருவை கொட்டிக் கிடந்தது.
மூன்றாவதில் பேருக்கு ஒன்றுகூட இல்லை.
கார்பன் தேதி வந்தது:
மூன்றாவது சென்டிமீட்டருக்கு வயது நானூற்றுப் பத்து,
கூட்டியும் கழித்தும் முப்பது.
நாயக்கர் காலத்து மண் மேல்
நேற்றைய கருவை சம்மணமிட்டிருக்கிறது.
இடையில் வந்த வெள்ளங்கள் எங்கே,
தாது வருஷம் எங்கே?

மறுபடி போனோம்.
கலுங்கின் மேல் துணி காயப்போட்ட செவத்தியம்மாள்
"அந்த மண்ணா?" என்றாள்.
"முந்தின வருஷம் ஜேசிபி விட்டு அள்ளுனாகல்ல.
பாதி வயலுக்கு, பாதி சூளைக்கு.
எங்க வீட்டுச் சொவரே அதுதான்."

பூசாத சுவர்.
அவள் மகன் கரியால் மூன்று ஸ்டம்பு வரைந்திருந்தான்.
நடு ஸ்டம்புக்குப் பக்கத்துச் செங்கல்லில்
நத்தை ஓட்டின் சுருள் ஒன்று
வெந்து வெளுத்து நின்றது.
மகரந்தம் ஒரே ராத்திரித் தீயில் போயிருக்கும்.
எந்தக் கல்லில் எந்த வருஷம் என்று
யாரைப் போய்க் கேட்பது?
"ஒடசல் வேணும்னா பின்னாடி கெடக்கு" என்று
அரைச் செங்கல் ஒன்றைத் தந்தாள்.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
இடைவெளிக்குக் காரணம்: வறட்சி, அரிப்பு, தெரியவில்லை.
ஓரத்தில் 'வீடு' என்று எழுதினேன்.
அடித்தேன்.
மறுபடி எழுதினேன்.

செங்கல்லுக்கும் சீட்டு ஒட்டினேன்.
நொ.ஏ. இரண்டு. எடை ஒன்றேகால் கிலோ.
மேல் எது, தெரியாது.

மேலூரில் டீக்கு நிறுத்திய இடம் சரிவு.
ஜீப்பில் ஹேண்ட்பிரேக் பிடிப்பதில்லை.
சிக்கந்தர் அண்ணன் பின்சீட்டில் துழாவி
கைக்கு வந்ததை எடுத்து
சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார்.
"அண்ணே, அது" என்று தொடங்கி
அதோடு விட்டேன்.
வண்டி நகரவில்லை.
சர்க்கரை கம்மியாக ஒரு டீ சொன்னேன்.