இருநூற்றைம்பத்து நாலு

கையேட்டில் இதற்குப் பெயர் முகவரிக் குளம்.
நோர்வூட் பக்கம் குளத்தை யார் கண்டது?
எனக்குத் தெரிந்தது பீலி.
ஒரு குழாய், முப்பது வாளி.
நிறைந்தவர் தூக்கினால்தான் அடுத்தவர் வைக்கலாம்.

கொழும்பிலிருந்து மாத வாடகைக்கு எடுத்த
இருநூற்றைம்பத்து நாலு எண்கள்.
வீடுகள் நானூற்றுப் பதினொன்று.
எல்லோரும் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள் என்ற
நம்பிக்கையின் பேரில்
சுமனசிறி முதலாளி நடத்துகிற கம்பெனி.
இரவு ஷிப்டில் அந்த நம்பிக்கைக்குக் காவல் நான்.

ஐப்பசி. ஆறு மணி இடி.
ஸ்ட்ராத்வில் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் ட்ரான்ஸ்ஃபோமர் வெடித்தது.
நூற்றியறுபது ரூட்டர்கள் ஒரே நொடியில் அணைந்தன.
ஒன்றும் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

படி இறங்குகிறவர்
போயிட்டு வாறேன் என்பார் இல்லையா,
சேவையகத்துக்கும் அந்த ஒரு சொல் வேண்டும்.
வராதவரை
ஆள் உள்ளேதான் இருக்கிறார் என்று
இலையைப் போட்டுக் காத்திருக்கும்.

எட்டு இருபதுக்குக் கரண்ட் வந்தது.
கீழ்ப்பிரிவு மொத்தமும் வாசலுக்கு வந்தது.
பெயர் சரி.
கடவுச்சொல் சரி.
கொடுக்கத்தான் எண் இல்லை.
அவர்களுடைய ஆறு மணி
அவர்களுடைய இடத்தில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது,
எழும்பமாட்டேன் என்று.

செக்ரோலிலும் இப்படி நடக்கும்.
மலைக்கே வராத ஆளுக்கு முழுப்பேர் விழும்,
கொழுந்து நிறுத்தவளுக்கு அரைப்பேர்.
எங்கள் வீட்டில் ராத்திரிச் சோற்றோடு
அந்த வசவும் பரிமாறப்பட்டது.

நாலு வரியில் ஒரு கட்டளை எழுதினேன்:
பதினைந்து நிமிடமாய் மூச்சுக் காட்டாதவரை விடுவி.
என்டர் மேல் விரலை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் இருந்தேன்.
மூச்சில்லாதவர், மூச்சுக் கேட்காதவர்
இரண்டு பேருக்கும் இந்த அட்டவணையில் ஒரே நிறம்.
போன் மூன்றாம் தரம் அடித்தது.
அழுத்தினேன்.

நூற்றி எழுபத்து மூன்று வரிகள் மாற்றப்பட்டன.

அணைந்தவை நூற்றியறுபது.
மிச்சம் பதின்மூன்றை நான் யோசிக்கவில்லை.
யோசித்தேன். பிறகு.

ஒன்பதரைக்கு மேல்பிரிவிலிருந்து சந்தனமேரி.
"மிஸ், கட்டார்லேருந்து அவரு பேசிக்கிட்டு இருந்தாரு.
திடீர்னு வாய் மட்டும் அசைஞ்சிச்சு.
அப்புறம் அதுவும் இல்ல."

அவள் வீடு முகட்டில்.
அங்கிருந்து வரும் சேதிகள்
பனி மூடினால் பாதி வழியில் தொலையும்.
அவள் இருந்தாள். நான் எழுதினேன் இல்லை என்று.
நூற்றுப் பதினேழாம் எண்
இப்போது கீழ்ப்பிரிவில் வேறொரு வீட்டுக்கும்.
ஒரு லயக்காம்பராவில் இரண்டு குடும்பம் இருந்ததுண்டு.
ஒரு எண்ணில் முடியாது.

"ரூட்டர ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க" என்றேன்,
தப்பே செய்யாதவள் குரலில்.
"நம்பர் மாறுமா மிஸ்?"
"மாறும்."
"அவருக்கு அதச் சொல்லணுமா?"
"தேவையில்ல. அவர் கூப்பிட்டா வரும்."
அவளுக்கு ஆச்சரியம்.
எனக்கும்தான், யோசித்தால்.
என் வங்கிக் கடிதம் மூன்று வாரம்
தோட்டத்து ஆபிசில் கிடந்தது,
உறை பிரிந்து.

பதினைந்தை முப்பதாக்கினேன்.
முப்பது கூடிப்போனால் பீலியடியில் சண்டை,
குறைந்தால் யாரோ ஒருத்தியின் வாய் சத்தமில்லாமல் அசையும்.
முதலாளிக்குக் குறிப்பு ஒட்டினேன்:
இன்னொரு தொகுதி எண் வாங்கணும்.
அடுத்த மாசம் பார்ப்போம் என்பார்.
போன மாதக் குறிப்பு அதன் கீழே இருக்கிறது.

பதினொன்று நாற்பது.
தொடர்பு அறுந்தது, தொடர்பு அறுந்தது,
பதில் இல்லை, தொடர்பு அறுந்தது என்று
ஓடுகிற பதிவின் நடுவில் ஒரு வரி:
முடிந்தது. காரணம், பயனர் கேட்டுக்கொண்டபடி.

யாரோ முறையாக நிறுத்தியிருக்கிறார்கள்.
எண் நாற்பத்திரண்டு.
உடனே அடுத்த வீட்டுக்குப் போகவேண்டியது.
வரிசையில் ஒன்பது பேர் நிற்கிறார்கள்.

ஒரு நிமிடம்
அதை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன்.