அறுபத்து மூன்றாம் பக்கம் வரை

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில்
சகோதரர் ஞானதுரை வேலையைப் பிரித்துக் கொடுத்தார்.
எப்சிபா அக்காவுக்கு டிராகன்கள்.
தைரியம் தம்பதிக்குப் பேய்க்கதை வரிசை.
எனக்கு, என் மகளின் பையிலேயே கிடந்த
மந்திரக்காரி.
வாசிக்க வேண்டும், ஆகாத இடங்களில் கோடு போட வேண்டும்,
அடுத்த வெள்ளி கொண்டுவர வேண்டும்.

ராஜா ஊடா சாலைக் கடையில்
இளஞ்சிவப்பு மைப்பேனா ஒன்று வாங்கினேன்.
இரண்டு ரிங்கிட் எண்பது சென்.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.
மந்திரம் எனக்குக் கற்பனையில்லை.
மாக் மண்டினில் எங்கள் மளிகைக்கடைப் படிக்கு அடியில்
ஊசி குத்திய எலுமிச்சை கிடந்தபோது
எனக்கு ஒன்பது வயது.
வைத்தது யாரென்று சொல்ல ஒரு போமோ,
எடுக்க ஒரு பூசாரி,
எடுத்தது மெய்யாகவே போயிற்றா என்று பார்க்க
இன்னொரு போமோ.
அப்பா சேமநிதியை எச்சில் தொட்டு எண்ணிக் கொடுத்தார்.
எலுமிச்சை காய்ந்து சருகானது.
கடைதான் போனது.
ஞானஸ்நானத்துக்குத் தண்ணீரில் இறங்கிய அன்று
இடுப்புக் கயிற்றை நானே அறுத்தேன்,
மொண்ணைக் கத்தரிக்கோலால், வெகுநேரம்.
கோடு போட எனக்கென்ன கை கூசும்?

கெசியா தூங்கிய பிறகு உட்கார்ந்தேன்.
பக்கம் ஏழு: மந்திரக்கோல். கோடு.
பக்கம் பன்னிரண்டு: பேசும் கழுதை.
பேனா நின்றது.
போன மாதம் ஞாயிறு பள்ளியில்
தீர்க்கதரிசியின் கழுதையைப் பலகையில் ஒட்டியவள் நான்.
காதைப் பெரிதாக வெட்டிவிட்டேன் என்று பிள்ளைகள் சிரித்தார்கள்;
பேசியதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.
அதன் வாயைத் திறந்தவர் வேறு
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
கோடு.

பக்கம் முப்பது: நிலவில் கொதிக்கும் குண்டான்.
கோடு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறியும்.
சன்னலுக்கு வெளியே சீனர்களின் ஏழாம் மாதம்.
எதிர்வீட்டார் தகரப் பீப்பாயில்
காகித வீட்டை எரித்துக்கொண்டிருந்தார்கள்,
காகிதக் கார், காகிதக் கைப்பேசி, அதன் சார்ஜர்கூட.
சாம்பல் என் கொடித்துணிமேல் வந்து உட்கார்ந்தது.
போன வருடம் இதே வாரத்தில்
ஞானதுரை வீட்டுப் பின்கட்டில் நாங்களும் எரித்தோம்,
நாலைந்து தாயத்து, இரண்டு கதைப்புத்தகம்.
பக்கத்து வீட்டு ஆ செங்
சுவருக்கு மேலே தலையை நீட்டி
மரியாதையாகத்தான் கேட்டார்:
"யாருக்கு அனுப்புகிறீர்கள்?"

அறுபத்து மூன்று.
அந்தப் பெண் வற்றிய ஆற்றங்கரையில் நிற்கிறாள்.
மந்திரம் தெரியும். விலையும் தெரியும்.
தண்ணீர் வந்தால் அவள் பெயர் போய்விடும்,
பெற்றவளுக்குக்கூடக் கூப்பிட வராது.
அக்கரையில், யார் வீட்டுப் பிள்ளையோ,
ஈர மணலை அள்ளி நக்குகிறது.

பாகான் துறையில் முதல் ஃபெர்ரி ஊதியபோது
கடைசிப் பக்கம் கையில் இருந்தது.
மூடி கழன்ற பேனா மெத்தையில் கிடந்து
ஐம்பது சென் அகலத்துக்கு
ஒரு வட்டம் போட்டிருந்தது.

பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் கெசியா புரட்டினாள்.
"அம்மா! இது லைப்ரரிப் புத்தகம்!
கோடு போட்டா அபராதம்!"
பிறகு, அவள் எதையும் லேசில் விடமாட்டாள்,
"ஏன் அறுபத்து மூணோட நிக்குது?"
மை தீர்ந்துபோச்சு என்றேன்.

வெள்ளிக்கிழமை.
எப்சிபா அக்கா டிராகன்களை எண்ணி வந்திருந்தார்:
நாற்பத்தொன்று, முட்டைகளைச் சேர்க்காமல்.
என் முறை வந்தது. கோடுகளைக் காட்டினேன்.
ஒன்றையும் மறைக்கவில்லை,
அந்தக் கழுதையை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.
"மீதி?" என்றார் சகோதரர்.
மீதியை வாசித்தேன் என்றேன்.

யாரோ மின்விசிறியைக் கூட்டினார்கள்.
பாவ அறிக்கை நேரம் வந்தபோது எழுந்து
மகளிடம் ஒரு பொய் சொன்னதாகச் சொன்னேன்.
என்ன பொய் என்று ஒருவரும் கேட்கவில்லை.
பைக்குள், சாவிக்கொத்துக்குப் பக்கத்தில்,
பேனா
பாதிக்குமேல் மையோடு கிடந்தது.