ஏழாம் மாடிக்காரர்

முதல் விளையாட்டை நாற்பத்தொரு பேர் வாங்கினார்கள்.
மூவர் என் அக்காவின் அலுவலகம்.
ஒருத்தி நானே,
கடை திறந்திருக்கிறதா என்று பார்க்க.

அப்புறம் நான்கு வருடம்
ப்ர்னோ நகரின் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் சம்பளம்.
கைப்பேசித் திரையில் பழம் வெடிக்கும்போது
பொற்காசு எப்படித் துள்ள வேண்டும் என்பது என் பொறுப்பு.
இன்னும் கொஞ்சம் துள்ளினால்
எங்கோ தூக்கம் வராத ஒருவன்
இன்னொரு முறை பணம் போடுவான் என்றது வரைபடம்.
துள்ளவைத்தேன்.
நன்றாகவே துள்ளியது.
அந்தக் காசில் பல் கட்டினேன்,
பழைய சைக்கிள் வாங்கினேன்,
மிச்சத்தில்
ராஜினாமா எழுதும் துணிச்சல்.

பிறகு ஆறு வருடம், லிஃப்ட்.

லீஷெனில் எங்கள் குடியிருப்பு பன்னிரண்டு மாடி.
மாதம் இருமுறை லிஃப்ட் நடுவழியில் நின்றுவிடும்.
நின்றதும், பத்து வருடமாக
முகம் பார்க்காதவர்கள் பேச ஆரம்பிப்பார்கள்.
அதுதான் விளையாட்டு.
பொத்தானை அழுத்து. யாரோ ஏறுவார். நின்றுபோகும்.
பேசு, இல்லை பேசாதிரு.
சுட எதுவும் இல்லை,
வெல்லவும்.

"இதில் ஆட்டம் எங்கே?" என்றார்
ப்ராகிலிருந்து வந்த முதலீட்டாளர் ஓல்ட்ரிக்.
தன் காபிக்கு மட்டும் பணம் வைத்துவிட்டுப் போனார்.

ஒலிக்கு ரதோவன்.
இரவு இரண்டு மணிக்கு லிஃப்டின் கூரையில்
ஒலிவாங்கியைக் கட்டி மேலும் கீழும் ஓட்டினான்.
மூன்றாம் மாடி ஷிம்கோவா அம்மாள் கதவைத் திறந்து திட்டியது
அப்படியே விளையாட்டில் இருக்கிறது.
கொடுக்கப் பணமில்லை.
"விற்றால் பத்தில் இரண்டு" என்று
பீர்க்கோப்பை வைக்கும் அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.
வங்கியில் எண்கள் குறைந்துகொண்டே வந்தன,
எந்தத் துள்ளலும் இல்லாமல்.

நவம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை வெளியிட்டேன்.
பகல் முழுக்க ஜன்னல் துடைத்தேன்.
முதல் வாரம் இருநூற்றுப் பன்னிரண்டு.
இரண்டாம் வாரம் புகார் வந்தது:
ஏழாம் மாடியில் ஏறும் சாம்பல் கோட்டுக்காரர்
இறங்குவதே இல்லை.

அவருக்கு நான் எழுதியிருந்தது ஒரே வாக்கியம்:
"பரவாயில்லை, நீங்கள் முதலில்."
எங்கோ ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது.
அதனால் ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்க
ஓரடி ஒதுங்கி
"பரவாயில்லை, நீங்கள் முதலில்" என்பார்.
எல்லோரும் போய்விடுவார்கள்.
கதவு மூடிக்கொள்ளும், அவர் உள்ளே.

இரவோடிரவாகத் திருத்தி வைத்தேன்.
அனுப்புமுன் ஒரு கடிதம்,
ஐஸ்லாந்தில் மீன் ஆலைத் தொழிலாளி ஸ்டைனுன்:
"இரவு வேலை முடிந்து வந்து
அவரோடு கொஞ்ச நேரம் மேலும் கீழும் போகிறேன்.
அவர் ஏன் வீட்டுக்குப் போவதில்லை என்று
எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்."

எனக்குத் தெரியாது.
திருத்தத்தை அனுப்பவில்லை.

தொண்ணூறாயிரம் பிரதி. ரதோவன்
அட்டையை நீட்டினான், கோப்பைக் கறையோடு.
இரண்டு பங்கு வாங்கிக்கொண்டு
ஒலோமோட்ஸில் வீடு பார்த்துப் போனான்.
மாநாடுகளுக்கு இளைஞர்கள் சாம்பல் கோட்டில் வருகிறார்கள்.
"அவரை எப்படிக் கற்பனை செய்தீர்கள், ஹெட்விகா?"
முதல் இரண்டு முறை உண்மை சொன்னேன்.
அடக்கம் என்று சிரித்தார்கள்.
மூன்றாம் முறையிலிருந்து
பேசாமல் தண்ணீர் குடிக்கிறேன்.

புது விளையாட்டுக்கு இது மூன்றாம் வருடம்.
ஒரு பிழை இல்லை.
எல்லோரும் அவரவர் இடத்தில் சரியாக இறங்குகிறார்கள்.
நேற்றிரவு வேண்டுமென்றே
ஒரு கழித்தல் குறியை அழித்துப் பார்த்தேன்.
திரை கறுத்துப்போனது, அவ்வளவுதான்.

குப்பையைக் கொட்டக் கிளம்பினேன்.
ஐந்துக்கும் நாலுக்கும் நடுவே லிஃப்ட் நின்றது.
உள்ளே ஷிம்கோவா அம்மாள்,
கையில் ஈரம் சொட்டும் குடை.
இருபது நிமிடம்.
இருவரும்
வாய் திறக்கவில்லை.