பதினேழு மரங்கள்

படகு டாயலுக்கு என்று எழுதியாயிற்று.
மோட்டார், இழுவண்டி, தூண்டில் கழிகள்,
பச்சை விளக்கும் அதன் பேட்டரியும்.
எனக்கு வீடு, நாய், சமையலறைச் சாமான்.
நோட்டுப் புத்தகத்தைப் பற்றிக் கேட்க
இரண்டு வக்கீல்களுக்கும் தோன்றவில்லை.

அதில்தான் இருக்கின்றன பதினேழு மரங்கள்.
ஜனவரிதோறும்
ஊரார் தெருவோரம் வீசிய கிறிஸ்துமஸ் மரங்களைப் பொறுக்கி
அடியில் சிமென்ட் கல் கட்டி
நாங்கள் ஏரிக்குள் இறக்கியவை.
ஜிகினாவோடு போனவையும் உண்டு.
கரைத் தண்ணீர்த்தொட்டியும் பாலத்தின் மூன்றாம் தூணும்
ஒரே கோட்டில் வரும் இடம், அங்கிருந்து
முப்பது துடுப்பு, ஆழம் இருபத்திரண்டு அடி.
என் கையெழுத்து டாயலுக்குப் புரியாது.
பதினோரு வருஷத்தில் பழகிக்கொள்ளவும் இல்லை.

நவம்பர் கடைசியில் போன் வந்தது.
"தண்ணி குளிர்ந்துடுச்சு, ஓபல்."
அவ்வளவுதான் சொன்னான்.
எனக்கும் அது போதுமாயிருந்தது.

இரவு ஒன்பதுக்கு ஆர்கன்சாஸ் குளிர்
காதுமடலில்தான் வேலையைத் தொடங்கும்.
இரண்டு பேன்ட், மூன்று காலுறை,
கோழி ஆலையில் கொடுத்த ரப்பர் பூட்ஸ்.
நான் முன்னால், அவன் பின்னால்,
நடுவே வாளிக்குள் இரைமீன்கள்
எங்களைவிடச் சுறுசுறுப்பாக.
வலது என்றேன், இன்னும் வலது என்றேன்.
எத்தனையாவது மரம் என்று சொல்லவில்லை.

விளக்கை இறக்கினான்.
கறுப்புத் தண்ணீருக்குள்
பச்சையாய் ஓர் அறை திறந்தது.
முதலில் தூசு மாதிரி ஏதோ உயிர்கள்.
அவற்றைத் தின்னப் பொடிமீன்கள்
சுற்றிச் சுற்றி, வெள்ளி ஊசிகளாய்.
அதற்கும் கீழே, வெளிச்சம் முடிகிற ஓரத்தில்
அழைக்காத கல்யாணத்துக்கு வந்தவர்கள்போல்
ஒதுங்கி நின்றன கிராப்பிகள்.

குளிர்காலக் கிராப்பி இழுக்காது.
கீழிருந்து மேலேறி வந்து
இரையை வாயில் வாங்கியபடி சும்மா நிற்கும்.
விறைத்த நூல் விரற்கடை அளவு தொய்யும்.
அந்தத் தொய்வுதான் சேதி.
அதன் வாயோ நனைந்த காகிதம்.
வெடுக்கென்றால் கிழிந்துவிடும்.
தூங்கும் குழந்தையின் தலைக்கடியிலிருந்து
கையை எடுப்பதுபோல் எடுக்க வேண்டும்.
எங்களுக்குக் குழந்தை இல்லை.
ஆனாலும் டாயலின் மணிக்கட்டுக்கு அது தெரியும்.

நான் மூன்று வாயைக் கிழித்தேன்.
நான்காவதில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.
பிறகு பிளாஸ்க்கைத் திறந்தான்.

பதினொன்றுக்கு மேல்
கழியின் வளையங்களில் பனி கட்டியது.
நுனியைத் தண்ணீரில் முக்கிக் கரைத்தான்,
என்னுடையதையும் வாங்கிக் கரைத்தான்.
"சமையல் எண்ணெய் தடவினா ஒட்டாது.
அது உன் பங்குல போயிடுச்சே."
சிரித்தேனா தெரியவில்லை.
என் வாயிலிருந்து புகை வந்தது.

ஒருமுறை என் முள் அடியில் மாட்டிக்கொண்டது.
ஆட்டி ஆட்டி விடுவித்து மேலே எடுத்தால்
நுனியில் ஒற்றை ஜிகினா இழை.
விளக்கில் பிடித்துப் பார்த்தோம்.
"இது எந்த வருஷத்து மரம்?"
"நோட்டைப் பார்க்கணும்" என்றேன்.
நோட்டு கோட்டுக்குள் இருந்தது.
பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

பதினேழு மீன், இரண்டு சின்னதை விட்டது போக.
அவனுக்கு ஒன்பது, எனக்கு எட்டு.
இல்லை, நீ ஒன்பது எடுத்துக்கோ என்றான்.
வாக்குவாதம் கரைவரைக்கும் நீண்டது.

ஒன்று சொல்ல வேண்டும்.
இடத்தைப் போனில் குறித்துக்கொள்ள
அவனுக்கு ஒரு விரல் தட்டு போதும்.
இரவு முழுக்க அந்தக் கையைக் கண்காணித்தேன்.
போன் சட்டைப்பையிலேயே கிடந்தது,
பையின் பொத்தான்கூடப் போட்டபடி.

கையுறையில் ஒட்டி வீடுவரை வந்த ஜிகினாவை
நாய் மோந்து பார்த்துத் தும்மியது,
மீன் எங்கே என்றது.
அடுத்த செவ்வாய் காற்று இருக்காதாம்.
மறக்காமல்
எண்ணெய்ப் புட்டியை எடுத்து
வாசற்கதவு ஓரமாய் வைத்தேன்.