கேத்தலில் தெரிகிறவர்

கரடிப்போக்குச் சந்தி. உரக்கடைக்கு மேல்மாடி.
ஒன்பது கணினி, ஒரு ஏசி,
ஏசிக்குக் கீழே ஒரு வாளி.
ரொறன்ரோவில் அவர்கள் படுக்கப் போகையில்
படங்கள் இங்கே வந்து விழும்.
அவர்கள் எழும்ப முதல்
துடைத்து அனுப்பிவிட வேண்டும்.

இன்று வந்தது
முப்பத்தொராம் மாடி, ஒரு படுக்கையறை,
ஐந்நூற்று ஐம்பது சதுர அடி.
சொகுசு என்று கோப்பின் பெயரிலேயே இருந்தது.

ஐந்நூற்று ஐம்பதை
இரண்டாம் தரமும் வாசித்தேன்.
விசுவமடுவில் எங்கள் வீட்டுத்திட்ட வீடும்
அதே கணக்குத்தான், ஓர் அடி கூடக்குறைய இல்லை.
பூசாத சுவர். ஐந்து பேர். ஒரு தையல் மெசின்.
மழை வந்தால் இரண்டு ஆடு.
விலை என்னவென்று அலோசியஸ் அண்ணாவைக் கேட்டேன்.
ரூபாயில் சொல்லத் தொடங்கியவர்
பூச்சியங்களில் வழுக்கி
"வேலையைப் பார் பிள்ளை" என்றார்.

வேலை இதுதான்.
வானத்தை மாற்று.
அங்கே மாசி மாதச் சாம்பல்,
எங்கள் கையிருப்பில் பதினொரு நீலம்.
பதினொராவது, இரணைமடுக் கட்டில் நின்று
நான் போனில் எடுத்தது.
அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

கம்பளத்தில் தேத்தண்ணிக் கறை, எடு.
பிரிஜ் கதவில்
பல் வைத்தியர் வரச்சொன்ன திகதி, எடு.
கட்டிலுக்குக் கீழே ஒற்றைச் செருப்பு.
ஆள் இருந்த அடையாளம் மிஞ்சக்கூடாது,
வாங்க வருகிறவர்
தன்னை அங்கே வைத்துப் பார்க்க வேண்டுமாம்.

அக்காவுக்கு முகமாலையில் வேலை.
கயிறு கட்டிய சதுரத்துக்குள்
முட்டுக்காலில் இருந்து
சுரண்டிச் சுரண்டி முன்னுக்குப் போவா.
சில நாள் ஒரு கதவளவு நிலம்.
சில நாள் ஒரு பாயளவு.
இரவு சாப்பிடும்போது கேட்பா:
"இண்டைக்கு நீ எத்தினை வீடு துப்புரவாக்கினனி?"
பதினாலு என்பேன்.
சிரித்துக்கொண்டே முழங்காலுக்கு எண்ணெய் பூசுவா.

சமையலறைப் படத்தை
நாலு மடங்கு பெருப்பித்தேன்.
வெள்ளிக் கேத்தலின் வயிற்றில்
வளைந்து கிடக்கிறது முழு வீடும்,
நடுவில் நெல்மணியளவு
படம் எடுத்தவர்.

இவரை எனக்குத் தெரியும்.
குளியலறைக் கண்ணாடியில், அடுப்புக் கதவில்,
நிறுத்திய ரீவியின் கறுப்பில்
நாற்பது தரமாவது அழித்திருக்கிறேன்.
குளிருக்குள் ஒரு மஞ்சள் தொப்பி.
ஒருமுறை கையில் கட்டு.
மூன்று வீடு தள்ளிக் கட்டு இல்லை,
நல்லது என்று நினைத்துக்கொண்டே அழித்தேன்.
எந்த வீட்டுக்கும்
சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் வருவார்.
இன்று வலது காலுறையில்
பெருவிரல் வெளியே நிற்கிறது.

மூன்று சொடுக்கு வேலை.
இரண்டாவதில் கை நின்றது.
யன்னலுக்கு இரணைமடுவை வைத்தேன்.
கேத்தலைத் தொடாமல் அனுப்பினேன்.

பின்னேரம் ஐந்து மணி, அங்கே விடிந்தது.
கோப்பு திரும்பி வந்தது,
சிவப்பு வட்டத்தோடு.
நெஞ்சு பதறத் திறந்தேன்.
வட்டம் யன்னலில்.
ரொறன்ரோவின் முப்பத்தொராம் மாடிக்கு வெளியே
கழுத்தை நீட்டிப் பறந்துகொண்டிருந்தது
ஒரு நீர்க்காகம்.
இது என்ன, அகற்றவும்.

அகற்றினேன்.
கேத்தலில் வட்டம் இல்லை.

இரவு அக்கா கேட்டா.
பதின்மூன்று என்றேன்.
"ஏன், ஒண்டு குறையுது?"
"ஒண்டுக்குள்ள ஆள் இருக்கு."

சோற்றில் அவவின் கை நின்றது.
என்னையே பார்த்துக்கொண்டிருந்தா.
"உயிரோடதான்," என்றேன் அவசரமாக,
"காலுறையில ஓட்டை."